செருகியதை எல்லாம் நம்பும் கணினி

கேகாலை பஸ் நிலையத்தைச் சுற்றிய தெருக்களில் 'கம்யூனிகேஷன்' என்று பலகை மாட்டிய கடைகளுக்குப் பஞ்சமில்லை. எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் ருவன்வெல்லையிலும் அப்படித்தான். வெளிநாட்டுக்கு கோல் எடுக்கவென்று தொடங்கிய கடைகள் அவை. இப்போது கோல் எடுக்க யாரும் அங்கே போவதில்லை. போட்டோ கொப்பி, பிரிண்ட், லேமினேட், ரீலோட் என்று வியாபாரம் மாறிவிட்டது. அஸ்வெசும உதவித்தொகை விண்ணப்பம், உயர்தர வகுப்புப் பிள்ளையின் செயற்றிட்டம், கொழும்பில் வேலை தேடும் பையனின் சுயவிபரக் கோவை, தோட்டத்து மாரியம்மன் திருவிழா நோட்டீஸ், எல்லாமே ஒரே கணினிக்குள் போய் ஒரே பிரிண்டர் வழியாக வெளியே வருகின்றன. ஒரு நாளைக்கு எத்தனை பென் டிரைவ், எத்தனை போன் அந்தக் கணினியின் துவாரத்தில் ஏறி இறங்குகின்றன என்று எந்தக் கடைக்காரரும் எண்ணுவதில்லை.

அங்கே பிரிண்ட் எடுத்த பிள்ளை அதே பென் டிரைவைப் பாடசாலைக் கணினியில் செருகும். உள்ளே இருந்த ஃபோல்டர்களைக் காணோம். அவை இருந்த இடத்தில் ஷார்ட்கட்டுகள் வரிசையாக நிற்கும். மறுநாள் கடையில் வாக்குவாதம்.

"உங்க கொம்பியூட்டர்லயிருந்துதான் வைரஸ் ஏறியிருக்கு அண்ணே."

"இல்ல தம்பி, நீ கொண்டாந்த பென்லதான் இருந்துச்சு."

பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும். இரண்டு பேருமே கைநீட்டாத மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. இரண்டு கணினியிலும் ஓடும் இயங்குதளம்தான் அது. செருகப்படும் எதையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் அதன் பழக்கத்தால் முப்பது ஆண்டுகளாக உலகம் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த ஓட்டைகளில் பலவற்றுக்குத் திருத்தம் எழுதப்பட்டும் விட்டது. அவை கேகாலைக்கு வந்து சேர்ந்தனவா என்பதுதான் கேள்வி.

தானே ஓடிய காலம்

1995இல் விண்டோஸ் 95 வந்தபோது 'ஆட்டோரன்' என்ற வசதியும் உடன் வந்தது. சிடியைப் போட்டால் போதும், அதிலுள்ள நிரல் தானாக ஓடத் தொடங்கும். கணினி தெரியாதவரும் மென்பொருள் நிறுவிக்கொள்ளலாம் என்பது நோக்கம். அப்போது சிடி அச்சடிப்பது பெரிய நிறுவனங்களின் வேலையாக இருந்ததால் யாரும் இதை ஆபத்தாக நினைக்கவில்லை. சில ஆண்டுகளில் எவரும் எதையும் எழுதக்கூடிய பென் டிரைவ் வந்தது. விண்டோஸின் பழக்கம் மட்டும் மாறவில்லை. எக்ஸ்பி கணினியில் பென் டிரைவின் படத்தின் மீது இரண்டு முறை தட்டினால், அதற்குள் ஒளிந்திருக்கும் சிறு ஆட்டோரன் கோப்பு என்ன கட்டளை இடுகிறதோ அது நிறைவேறும். நாம் படம் பார்க்கத் திறக்கிறோம்; அது வைரஸை ஓட்டுகிறது.

இதன் விலை 2008இல் தெரிந்தது. மத்திய கிழக்கில் அமெரிக்க இராணுவக் கணினி ஒன்றில் செருகப்பட்ட பென் டிரைவிலிருந்து ஒரு புழு இரகசிய வலையமைப்புக்குள்ளேயே புகுந்தது. இதை 2010இல் பகிரங்கமாக ஒப்புக்கொண்டவர் அந்நாட்டின் பாதுகாப்புத் துணைச் செயலாளர் வில்லியம் லின். உலகிலேயே அதிகம் செலவழிக்கும் இராணுவம் செய்த உடனடி வைத்தியம், பென் டிரைவையே தடைசெய்ததுதான்.

அதே ஆண்டு நவம்பரில் 'கான்ஃபிக்கர்' வந்தது. முதலில் வலையமைப்பு வழியாகப் பரவிய இந்தப் புழு, டிசெம்பர் இறுதியில் பென் டிரைவிலும் ஏறப் பழகிக்கொண்டது. அது செய்த தந்திரத்தைப் பார்த்தால் எழுதியவனின் மூளையை மெச்சத்தான் வேண்டும். பென் டிரைவைச் செருகியதும் 'என்ன செய்ய வேண்டும்?' என்று விண்டோஸ் ஒரு பெட்டி காட்டுமே, அதில் 'ஃபோல்டரைத் திறந்து கோப்புகளைப் பார்' என்ற வரியைப் போலவே, அதே மஞ்சள் ஃபோல்டர் படத்துடன், இன்னொரு வரியைச் சேர்த்துவிட்டது. முதலில் நிற்கும் அந்தப் போலி வரியைத்தான் எல்லோரும் தட்டினார்கள். 2009 பெப்ரவரியில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் மாநகர சபை இதில் மாட்டி, ஏறத்தாழ 15 இலட்சம் பவுண் செலவழித்தது. பஸ் பாதையில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தண்டச் சீட்டு அனுப்பக்கூட அந்தச் சபையால் முடியாமல் போனது.

திருத்தம் மிக எளிது: பென் டிரைவுக்கு ஆட்டோரனை நிறுத்திவிடுவது. 2009 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 7 அப்படித்தான் பிறந்தது. உலகம் இன்னமும் ஓட்டிக்கொண்டிருந்த எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அதே மாற்றம் அப்டேட்டாகத் தானே இறங்கத் தொடங்கியது 2011 பெப்ரவரியில். அந்த மே மாதத்துக்குள், முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால், இவ்வகைத் தொற்று எக்ஸ்பியில் 59 சதவீதமும் விஸ்டாவில் 74 சதவீதமும் குறைந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. இந்த எண்ணை நான் இரண்டு விதமாகப் படிக்கிறேன். ஒரு சிறு அப்டேட் இவ்வளவு சாதிக்கும் என்பது மகிழ்ச்சி. ஒரு வசதியை அணைத்துவைக்க 16 ஆண்டு எடுத்தார்களே என்பது கோபம்.

இன்னொன்றை அவர்கள் இன்றைக்கும் அணைக்கவில்லை. கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை, அது படமா ஆவணமா ஓடக்கூடிய நிரலா என்று காட்டும் அந்த வாலை, விண்டோஸ் வழக்கமாக மறைத்தே வைக்கிறது. நம் ஊர்க் கணினிகளில் ஒரு காலத்தில் 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில், ஃபோல்டர் படத்தையே மாட்டிக்கொண்டு திரிந்த புழுவை நினைவிருக்கிறதா? அது ஃபோல்டர் அல்ல, நிரல் என்று காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய வால் மறைந்திருந்ததுதான் அதன் பலமே.

திருத்தத்துக்கே திருத்தம்

ஆட்டோரன் விவகாரத்தில் யாராவது ஒருவர் தட்ட வேண்டியிருந்தது. 2010 ஜூனில் பெலாரஸ் நாட்டின் சிறு வைரஸ் தடுப்பு நிறுவனமான வைரஸ்புளோக்கடா கண்டுபிடித்த புழுவுக்கு அதுவும் தேவைப்படவில்லை. ஷார்ட்கட் கோப்பின் படத்தைத் திரையில் வரைவதற்காக விண்டோஸ் அந்தக் கோப்பைப் படிக்கும். அந்தப் படிப்பிலேயே ஓட்டை இருந்தது. பென் டிரைவைத் திறந்து கோப்புகளின் பட்டியலை வெறுமனே பார்த்தால் போதும், புழு உள்ளே வந்துவிடும். 'ஸ்டக்ஸ்நெட்' என்று பெயர் பெற்ற அந்தப் புழுவின் குறி ஈரானின் நத்தான்ஸ் அணு நிலையத்துச் சுழல் இயந்திரங்கள். இணையத்தோடு தொடர்பே இல்லாத அந்த இடத்துக்குள் போக அது நம்பியிருந்த வழிகளில் முக்கியமானது பென் டிரைவ்.

குறி ஈரானாக இருந்தாலும் புழுவுக்கு எல்லை தெரியாது. சைமன்டெக் நிறுவனத்தின் கணக்கில் தொற்றிய கணினிகளில் 58 சதவீதம் ஈரானிலும் 18 சதவீதம் இந்தோனேசியாவிலும் இருந்தன. மூன்றாவது இடம், 8 சதவீதத்துடன், இந்தியாவுக்கு. இணையம் மெதுவாகவும் பென் டிரைவ் வேகமாகவும் நடமாடிய நாடுகள் இவை. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, விசாகப்பட்டினத்தில் இந்தியக் கடற்படையின் கிழக்குக் கட்டளையகத்தில், இணையத் தொடர்பில்லாத கணினிகளிலிருந்து பென் டிரைவ் வழியே தகவல் கசிந்ததாக இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் செய்தி வெளியிட்டது.

ஷார்ட்கட் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2010 ஓகஸ்ட் 2ஆம் தேதி அவசரத் திருத்தம் விட்டது. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். கதை அங்கே முடியவில்லை. 2015 தொடக்கத்தில் மிஷைல் ஹீர்க்லோட்ஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர், அந்தத் திருத்தத்தைச் சுற்றிப் போக வழி இருப்பதைக் கண்டுபிடித்தார். அதாவது, ஒழுங்காக அப்டேட் போட்டுவந்தவரின் கணினியும் நான்கரை ஆண்டு திறந்தே கிடந்திருக்கிறது. 2015 மார்ச்சில் இரண்டாவது திருத்தம் வந்தது. 2017 ஜூனில் அதே ஷார்ட்கட் கோப்பில் வேறொரு ஓட்டைக்கு மூன்றாவது திருத்தம் தேவைப்பட்டது.

மென்பொருளில் ஓட்டை அடைப்பது ஒரு தடவையோடு முடிகிற வேலை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஒரு குறிப்பிட்ட தாக்குதலைத் தடுக்கும் வரியை அவசரமாக எழுதிவிடலாம். 'ஒரு படத்தை வரைவதற்காக வெளியார் கொடுத்த நிரலை ஏன் ஏற்றுகிறோம்?' என்ற அடிப்படைக் கேள்வியைக் கேட்காவிட்டால், அடுத்தவன் பக்கத்துச் சந்தால் வருவான்.

நம் கடையில் சண்டை மூட்டும் 'ஷார்ட்கட் வைரஸ்' இவ்வளவு நுட்பமானது அல்ல. உண்மையான ஃபோல்டர்களை ஒளித்து, அவற்றின் பெயரிலேயே ஷார்ட்கட்டுகளை வைத்துவிட்டு, நாம் தட்டும்வரை காத்திருக்கும். பழைய தந்திரம்தான். ஆனாலும் 2021இல் கண்டுபிடிக்கப்பட்ட 'ராஸ்பெரி ராபின்' என்ற புழு இதே முறையில் உலகெங்கும் அலுவலகங்களுக்குள் புகுந்து, கப்பம் கேட்கும் கும்பல்களுக்குக் கதவு திறந்துவிட்டது.

நான் கீபோர்ட் என்றால் கீபோர்ட்தான்

இதுவரை சொன்னது கோப்புகளின் கதை. அதற்கும் அடியில் இன்னொரு தளம் இருக்கிறது.

1996இல் யூஎஸ்பி முறை வந்ததற்கு முன், கீபோர்டுக்கு ஒரு துவாரம், பிரிண்டருக்கு ஒரு துவாரம், மவுசுக்கு வேறொன்று என்று கணினியின் முதுகெல்லாம் ஓட்டையாக இருக்கும். யூஎஸ்பி எல்லாவற்றையும் ஒரே துவாரத்துக்குள் கொண்டுவந்தது. செருகியதும் சாதனம் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்ளும்: நான் கெமரா, நான் கீபோர்ட், நான் சேமிப்புக் கருவி. உடனே இயங்குதளம் அதற்குப் பொருத்தமான 'டிரைவர்' மென்பொருளை எழுப்பிக் கையில் கொடுக்கும். சாதனம் சொல்வது உண்மையா என்று பார்க்க இந்த முறையில் எந்த ஏற்பாடும் இல்லை. வாசலில் வந்து நின்று "நான் மின்சார சபை ஆள்" என்றவரிடம் அடையாள அட்டைகூடக் கேட்காமல் வீட்டுச் சாவியைக் கொடுப்பது போலத்தான்.

2014 ஓகஸ்டில் லாஸ் வேகஸ் நகரில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் பெர்லின் ஆய்வாளர்கள் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் இருவரும் இதைச் செய்தே காட்டினார்கள். சாதாரண பென் டிரைவுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லின் நிரலை மாற்றி எழுதி, அதைக் கீபோர்டாக நடிக்க வைத்தார்கள். செருகியதும் அது 'தட்டச்சு' செய்யத் தொடங்கும். கட்டளைகளை மனிதக் கையைவிட வேகமாக அடிக்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள் பென் டிரைவின் கோப்புகளைத் தேடிப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது. ஃபோர்மட் அடித்தாலும் போகாது. 'பேட் யூஎஸ்பி' என்று பெயர் வைத்தார்கள்.

இதைத் திருத்துவது ஏன் கடினம்? 'புதிய கீபோர்ட் வந்திருக்கிறது, அனுமதிக்கவா?' என்று கேட்டால் போதுமே என்று தோன்றும். ஆனால் பழைய கீபோர்ட் பழுதாகிப் புதிதை மாட்டியவர், அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று அழுத்துவது எதைக் கொண்டு? லினக்ஸில் அனுமதி கேட்கும் ஏற்பாடு 2007 முதலே இருக்கிறது. யாராவது உட்கார்ந்து விதிகளை எழுதினால்தான் வேலை செய்யும். ஆப்பிள் நிறுவனம் 2022இல் தன் புதிய மடிக்கணினிகளில் செருகப்படும் சாதனத்துக்கு அனுமதி கேட்கத் தொடங்கியது. மடிக்கணினியில் கீபோர்ட் உடம்போடு ஒட்டியே இருப்பதால் அங்கே சிக்கல் இல்லை. நம் கடைகளில் ஓடும் விண்டோஸ் மேசைக் கணினி இன்னமும் வழக்கமாகக் கேட்பதில்லை.

டிரைவர்களின் கதை இன்னும் மோசம். இவை இயங்குதளத்தின் கருவான கேர்னலுக்குள், அதே முழு அதிகாரத்தோடு ஓடுபவை. கெமரா டிரைவர் எழுதியவர், கெமரா ஒழுங்காகப் பேசும் என்று நம்பி எழுதியிருப்பார். பொய் பேசும் கெமரா வந்தால்? கூகுளில் இருந்த ஆந்த்ரே கொனொவலொவ் 2017இல், தாறுமாறாகப் பேசும் போலிச் சாதனங்களை மென்பொருளாலேயே உருவாக்கி, லினக்ஸின் யூஎஸ்பி டிரைவர்கள் மீது ஏவிப் பார்த்தார். பிழைகள் டசின் கணக்கில் கொட்டின. 2020இல் ஹுய் பெங், மத்தியாஸ் பேயர் என்ற இரு ஆய்வாளர்கள் இதே வழியில் 26 புதிய பிழைகளைப் பிடித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை லினக்ஸில். மற்றவை மெக், விண்டோஸ், ஃப்ரீபிஎஸ்டி மூன்றிலும் இருந்தன. எந்தக் கட்சியும் இங்கே தப்பவில்லை.

'இதெல்லாம் ஆய்வுகூடத்து விளையாட்டு' என்பவர்களுக்கு சேர்பியாவைக் காட்டலாம். 2024 டிசெம்பர் 25ஆம் தேதி அந்நாட்டு மாணவச் செயற்பாட்டாளர் ஒருவரின் அண்ட்ரோய்ட் போன், செலிபிரைட் நிறுவனத்தின் கருவியால், யூஎஸ்பி கம்பி வழியாகவே பூட்டு உடைக்கப்பட்டது. சர்வதேச மன்னிப்புச் சபையின் ஆய்வுகூடம் அந்தப் போனை ஆராய்ந்து 2025 பெப்ரவரியில் விவரங்களை வெளியிட்டது. லினக்ஸ் கேர்னலின் கெமரா டிரைவரில் ஒரு ஓட்டை, பழைய ஒலிச் சாதனங்களுக்கான டிரைவரில் இன்னொன்று எனச் சங்கிலியாகக் கோர்க்கப்பட்டிருந்தன. அந்தப் போனில் வாழ்நாளில் ஒருநாளும் வெளிக் கெமரா மாட்டப்பட்டிருக்காது. ஆனால் 'நான் கெமரா' என்று கம்பியின் மறுமுனை சொன்னதும் போன் அந்த டிரைவரை எழுப்பிக் கொடுத்துவிட்டது. கெமரா டிரைவரின் பிழை 2008 முதலே கேர்னலில் இருந்தது. அதன் திருத்தம் ஒரு வரிக்குள் அடங்கியது. பதினாறு ஆண்டு, ஒரு வரி.

பஸ் நிலையத்தில், கடையில் சார்ஜ் போட்டால் போனைத் திருடிவிடுவார்கள் என்று வட்ஸ்அப்பில் வரும் பயமுறுத்தல்களை நான் அவ்வளவு பெரிதாக எடுப்பதில்லை. அப்படி நடந்ததாக உறுதியான சம்பவங்கள் மிக அரிது. ஐபோன் 2013 முதல் 'இந்தக் கணினியை நம்பவா?' என்று கேட்கிறது. அண்ட்ரோய்டும் சார்ஜ் மட்டும் என்று நின்றுகொண்டு, தகவல் தர நம் அனுமதியை எதிர்பார்க்கிறது. இருந்தும், 2025இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் இதையும் உடைத்துக் காட்டினார்கள். சார்ஜர் முதலில் கீபோர்டாக நடித்து, பிறகு கணினியாக வேடம் மாறி, போன் கேட்கும் கேள்விக்குத் தானே 'ஆம்' என்று அழுத்திவிடும். இப்போது ஆப்பிளும் கூகுளும் அந்தக் கேள்விக்குக் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கேட்கின்றன. புதிய பதிப்பு இறங்கிய போன்களில் மட்டும்.

பிரிண்டர் தந்த பாடம்

கம்யூனிகேஷன் கடைக்காரரிடம் "அப்டேட் போடுறீங்களா?" என்று கேட்டால் வரக்கூடிய பதில் ஒன்றுதான்: "அப்டேட் போட்டா பிரிண்டர் ஓடாது." இது சோம்பேறியின் சாக்கு என்று நகரத்துக் கணினி நிபுணர்கள் சிரிப்பார்கள். கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

விண்டோஸில் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் 'ஸ்பூலர்' என்ற பகுதி மிகப் பழையது, மிகுந்த அதிகாரம் உடையது. ஸ்டக்ஸ்நெட் பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்று இதிலும் இருந்தது; 2010 செப்டெம்பரில் அடைத்தார்கள். 2021 ஜூனில் மீண்டும் ஸ்பூலரில் ஒரு ஓட்டை. அதற்குத் திருத்தம் வந்துவிட்டது என்று நம்பிய சீன நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர்கள், தாக்குதல் செய்யும் முறையை வெளியிட்டார்கள். அவர்கள் காட்டியது வேறு ஓட்டை, அதற்குத் திருத்தமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. உடனே எடுத்துவிட்டார்கள், அதற்குள் பிரதிகள் பறந்துவிட்டன. 'பிரிண்ட்நைட்மேர்' என்று பெயர் பெற்ற அந்த ஓட்டைக்கு ஜூலை 6ஆம் தேதி அவசரத் திருத்தம் வந்தது, அது போதாது என்று தெரிந்தது. ஓகஸ்ட் 10ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் வேரிலேயே கை வைத்தது: வலையமைப்பிலிருந்து பிரிண்டர் டிரைவரை நிறுவ இனி நிர்வாகி அதிகாரம் வேண்டும்.

சரியான முடிவு. ஆனால் அதைத் தொடர்ந்த மாதங்களில், ஒரு கணினியில் மாட்டிய பிரிண்டரை மற்றக் கணினிகள் பகிர்ந்துகொள்ளும் உலகத்து அலுவலகங்கள் பலவற்றில் அச்சே நின்றுபோனது. பெரிய நிறுவனங்களின் கணினிப் பொறுப்பாளர்களே செப்டெம்பர் அப்டேட்டை அகற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடர்ந்தார்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், ஒரு பிரிண்டரை வைத்துக் குடும்பம் நடத்தும் கடைக்காரர் என்ன செய்வார்? வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது பிரிண்டர் நின்றால் அன்றைய வருமானம் போயிற்று. அவர் அப்டேட்டை அணைத்துவைப்பார், மறுபடி போடமாட்டார்.

பாதுகாப்புத் திருத்தம் ஒவ்வொரு தடவையும் எதையாவது உடைத்தால், மக்கள் திருத்தத்தைத்தான் எதிரியாகப் பார்ப்பார்கள். இதற்குக் கடைக்காரரைக் குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அதே 2021 ஓகஸ்டில், ரேசர் நிறுவனத்தின் மவுஸைச் செருகினால் போதும், விண்டோஸ் தானே இறக்கும் அதன் நிறுவி மென்பொருள் வழியாகச் சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஆய்வாளர் காட்டினார். ஒரு மவுசுக்கு ஏன் அவ்வளவு பெரிய நிறுவி என்ற கேள்விக்கு இன்றுவரை உருப்படியான பதில் இல்லை.

வந்து சேராத திருத்தம்

பிஎஸ்ஏ என்ற மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, இலங்கையில் கணினிகளில் இருந்த மென்பொருளில் 77 சதவீதம் உரிமமில்லாதது. விற்கிறவர்களின் கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி போட்டாலும், நம் கடைகளைப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியம் தராது. திருட்டுப் பிரதிக்கும் முக்கியமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நீண்ட காலம் கொடுத்தே வந்தது. ஆனால் 2008இல், போலி எக்ஸ்பி ஓடும் திரையைக் கறுப்பாக்கிவிடும் அப்டேட்டையும் அதே வாய்க்காலில் விட்டது. கான்ஃபிக்கர் புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் வந்ததும் அந்த ஆண்டு ஒக்டோபரில்தான். கறுப்புத் திரைக்குப் பயந்து அப்டேட்டை அணைத்தவர்கள் அந்தத் திருத்தத்தையும் சேர்த்தே அணைத்தார்கள். அந்தப் பயம் இன்றைக்கும் தொழிலில் கைமாறிக் கைமாறி வருகிறது. விண்டோஸ் போட்டுக் கொடுக்கும் தம்பி முதல் வேலையாக அப்டேட்டை நிறுத்திவிட்டுத்தான் கணினியைக் கையில் தருவார்.

அப்டேட் ஒன்றுக்கு ஜிபி கணக்கில் டேட்டா போகும். தோட்டத்துப் பக்கம் சிக்னலே நேரம் பார்த்துத்தான் வரும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது புதுக் கணினி என்ற பேச்சும் போய்விட்டது. விண்டோஸ் 11 ஓட வேண்டுமானால் இன்டெல் சில்லு 2017இன் பிற்பகுதியிலோ அதற்குப் பிறகோ வந்த தலைமுறையாக இருக்க வேண்டும். கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிட்டு இரண்டாம் கையாக இங்கே வந்து சேரும் கணினிகளில் பல அதற்கும் மூத்தவை.

கடைக்காரரை மட்டும் சொல்லவில்லை. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. ஏறத்தாழ 5,000 கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் அழிந்தன. மின்னஞ்சல் மென்பொருளின் காலாவதியாகிவிட்ட 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தச் சேவை ஓடிக்கொண்டிருந்தது. புதுப்பிக்கப் பணமும் முடிவும் தாமதமானதாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கம் சொன்னது. கொழும்பின் நிலையே அதுவென்றால் தெஹியோவிட்டக் கடையை யார் கேட்பது?

வேறு வழி போனவர்களும் இருக்கிறார்கள். கேரளத்தின் அரசுப் பாடசாலைகள் இரண்டாயிரங்களின் நடுப்பகுதியிலேயே லினக்ஸுக்கு மாறின. இன்று மலையாளப் பிள்ளைகள் படிப்பது அந்த மாநிலமே தயாரித்து வழங்கும் லினக்ஸில். தமிழ்நாட்டின் எல்காட் நிறுவனமும், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, விண்டோஸை விட்டு லினக்ஸ் பக்கம் போனது. லினக்ஸில் ஓட்டையே இல்லை என்று யாராவது சொன்னால் மேலே சேர்பியாக் கதையைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். ஆனால் அதன் திருத்தம் இலவசம், உரிமம் கேட்டு மிரட்டாது, பழைய கணினியிலும் ஓடும். தோட்டப்புறப் பாடசாலைக்கு இந்த மூன்றும் பெரிய விஷயம்.

விண்டோஸை விட முடியாத கடைக்காரருக்குச் சில வேலைகள் காசில்லாமல் முடியும். வாடிக்கையாளரின் பென் டிரைவ் செருகும் கணினியில் நிர்வாகி கணக்கில் உட்கார வேண்டாம். சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து அதில் வேலை செய்யுங்கள். கோப்புப் பெயரின் வாலைக் காட்டும்படி அமைப்பை மாற்றுங்கள். பென் டிரைவைச் செருகியதும் 'என்ன செய்ய வேண்டும்?' என்று பெட்டி காட்டும் ஆட்டோபிளேயை அணையுங்கள். கணக்குவழக்கும் வங்கி வேலையும் இருக்கும் கணினியில் அடுத்தவர் பென் ஏறவே கூடாது. மெமரி கார்டின் ஓரத்தில் இருக்கும் பூட்டுச் சுவிட்சை நம்பாதீர்கள்: அது வெறும் பிளாஸ்டிக் துண்டு, அதை மதிப்பதும் மதிக்காததும் கணினியின் இஷ்டம். பென் டிரைவுக்குப் பயந்து வட்ஸ்அப்பில் ஆவணம் வாங்கும் கடைகள் பெருகியிருக்கின்றன. நல்லதுதான், ஆனால் வந்த அடையாள அட்டைப் பிரதிகளை அன்றன்றே அழித்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பெரிய நிறுவனங்களை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அதில் சேமிக்கச் சம்மதிப்பவர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பணமின்றி நீட்டிப்பு உண்டு. ஆங்கிலத்தில் வரும் அந்தச் செய்திப் பெட்டியைப் பார்த்து மூடிவிடுபவர்களுக்கு அது போய்ச் சேராது. கேகாலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு சனிக்கிழமை, தன் எல்லைக்குள் இருக்கும் கம்யூனிகேஷன் கடைகளையும் தோட்டப்புறப் பாடசாலைகளையும் கூப்பிட்டு, அவர்களின் கணினிகளில் அப்டேட் போட்டு, பிரிண்டர் ஓடுகிறதா என்றும் பார்த்துக் கொடுக்கட்டும். மக்களின் விண்ணப்பங்கள் அந்தச் செயலகங்களுக்கு வந்து சேர்வது இந்தக் கணினிகள் வழியாகத்தான்.